ரீலோடு போடாத அண்ணன்: நிஜம் மாதிரியே இருக்கற பாஸ்கெட்பால் கேம் ஏன் பிடிக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சைக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



போன வாரம் ஆபீஸ்ல சாப்பிடும்போது ஒரு பேச்சு வந்துச்சு. டீம்ல ஒருத்தர் என்னைக் கேட்டார்: "நாள் முழுக்க வேலை செஞ்சுட்டு ராத்திரி போய் அந்த என்பிஏ 2கே ஆடுறியே, அதுவும் ஒரு குவார்ட்டர் 12 நிமிஷம் வச்சு. அதுல பிளேயருக்கு மூச்சு வாங்குது, முட்டி போகுது, போடற பந்துல பாதி உள்ள போக மாட்டேங்குது. இதுக்கு எதுக்குடா கேம்? நிஜ வாழ்க்கையே போதாதா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா பதில் சொல்ல வரல. சாயங்காலம் பைக்ல வீட்டுக்கு வரும்போதுதான் பதில் ஞாபகத்துக்கு வந்துச்சு. அது என்னோட பதில்கூட இல்ல, எங்க அண்ணனோடது. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

எங்க ஊர் ஆலங்காயம். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், வாணியம்பாடியிலிருந்து ஜவ்வாது மலைப் பக்கம் போற ரோட்டுல இருக்கு. அந்தப் பக்கமா காவலூர் டெலஸ்கோப் பார்க்கப் போயிருந்தீங்கன்னா எங்க ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. முன்னாடி வேலூர் மாவட்டம், 2019-லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். காலைல ஷூ கம்பெனி பஸ்ஸுங்க வந்து ஆளுங்களை ஏத்திக்கிட்டு வாணியம்பாடி, ஆம்பூர்னு போகும். எங்க சொந்தத்துல பாதிப் பேர் அந்த பஸ்ல போனவங்கதான், போறவங்கதான்.

அண்ணன்னு நான் சொல்றது பெரியப்பா பையனை. என்னைவிட 8 வயசு மூத்தவர். ஸ்கூல்ல பாஸ்கெட்பால் டீம். சிமெண்ட் தரை, வலையே இல்லாத ரிங், அதுவும் ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கும். அந்த கிரவுண்டுலிருந்து மாவட்ட டீம் செலக்‌ஷன் வரைக்கும் போனார். பிளஸ் டூ படிக்கும்போது ஒரு பிராக்டீஸ் மேட்ச்ல எகிறிக் குதிச்சு இறங்கும்போது முட்டி திருகிடுச்சு. கட்டு போட்டாங்க. நடக்க முடிஞ்சது, ஓட முடியல. ஆபரேஷன்னு பேச்சு வந்தப்ப வீட்டுல பணம் இல்ல. அடுத்த வருஷம் அண்ணனும் கம்பெனி பஸ் ஏறிட்டார். கட்டிங் செக்‌ஷன்.

இதை நான் சோகக் கதையா சொல்லல. அண்ணனே அப்படிச் சொன்னது கிடையாது. ஆனா இது தெரியலைன்னா அடுத்து நான் சொல்லப்போறது புரியாது.

2014. நான் பிளஸ் ஒன். அண்ணன் ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கினார். அதுல யாரோ ஒரு ஃபிரெண்டுகிட்ட இருந்து ஹார்ட் டிஸ்க்ல வாங்கி என்பிஏ 2கே14 ஏத்தினார். காசு குடுத்து வாங்கின கேம் இல்ல, ஒத்துக்கறேன். ஒரு சீப்பான யுஎஸ்பி ஜாய்ஸ்டிக். ராத்திரி சாப்பிட்டுட்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தா பதினொண்ணு வரைக்கும் ஆடுவோம்.

நான் உட்கார்ந்தவுடனே செஞ்ச முதல் வேலை, டிஃபிகல்டியைக் கடைசிக்கு இறக்கினது. ரூக்கின்னு இருக்கும். அதுல கோர்ட்டுக்கு நடுவுல இருந்து போட்டாலும் உள்ள போகும். அரை மணி நேரத்துல 60 பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சேன். அண்ணன் பார்த்துக்கிட்டே இருந்துட்டு ஜாய்ஸ்டிக்கை வாங்கி எல்லாத்தையும் மாத்தினார். குவார்ட்டர் 12 நிமிஷம். சிமுலேஷன் மோட். களைப்பு ஆன். காயம் ஆன்.

"இன்னாத்துக்குண்ணா, நல்லாத்தானே போய்க்கினு இருந்துச்சு"ன்னேன்.

"நீ ஆடலடா, அது உனக்கு வுட்டுக் குடுத்துக்கினு இருந்துச்சு"ன்னார்.

இப்போ கொஞ்சம் இந்த கேமோட வரலாறு பார்த்துடுவோம், அப்பதான் அண்ணன் சொன்னது எவ்வளவு சரின்னு தெரியும். பாஸ்கெட்பால் வீடியோ கேம்ல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, 1993-ல ஆர்கேட் மெஷின்ல வந்த என்பிஏ ஜாம். பக்கத்துக்கு ரெண்டே பேர். ஆளுங்க ரிங்குக்கு மேல பறப்பாங்க. தொடர்ந்து மூணு பந்து போட்டா பந்துலயே தீப்பிடிக்கும். அதை உருவாக்கின மார்க் டர்மெல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் ரசிகர். பிஸ்டன்ஸுக்கு எதிரா சிகாகோ புல்ஸ் கடைசி நிமிஷத்துல போடற பந்து தவறுற மாதிரி கோடுலயே எழுதி வச்சேன்னு பின்னாடி அவரே ஒத்துக்கிட்டார். ஒரு டெவலப்பரா எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது.

ரெண்டாவது வழி, 1999-ல சேகா டிரீம்காஸ்ட்டுக்கு வந்த என்பிஏ 2கே. அட்டையில ஆலன் ஐவர்சன். செஞ்சது விஷுவல் கான்செப்ட்ஸ். 2005-ல அந்த ஸ்டுடியோவை டேக்-டூ கம்பெனி வாங்கினப்புறமும் இன்னைக்கு வரைக்கும் வருஷத்துக்கு ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கு. இவங்க போன வழி, டிவியில பார்க்கற மேட்ச் மாதிரியே இருக்கணும்ங்கறது. வேர்வை வரும். கமெண்ட்ரி வரும். ஒவ்வொரு பிளேயரும் நிஜத்துல எப்படிக் கை வளைச்சுப் போடுவாரோ அப்படியே போடுவார்.

ஆனா பார்க்க நிஜம் மாதிரி இருக்கறது வேற, நடக்கறது நிஜம் மாதிரி இருக்கறது வேற. எங்க அண்ணன் கம்ப்யூட்டர்ல கிராபிக்ஸ் எல்லாத்தையும் குறைச்சாத்தான் கேமே ஓடும். ஆளுங்க முகம் மெழுகு பொம்மை மாதிரி இருக்கும். போதாததுக்கு, அந்த வருஷம் புது கன்சோல்களுக்கு வந்த 2கே14 பிசிக்கு வரல. பிசிக்கு வந்தது பழைய தலைமுறை வெர்ஷன்தான். அதனால கண்ணுக்குத் தெரியற நிஜம் எங்களுக்குக் கிடைக்கவே இல்ல. ஆனாலும் விட முடியல. அப்போ பிடிச்சிருந்தது வேற என்னமோ.

அது என்னன்னா, கேம் 'இல்ல'ன்னு சொல்லும். ஒரு பந்து உள்ள போகுமா போகாதான்னு எப்படி முடிவாகுது? பட்டனை நீங்க எப்ப விடறீங்க, போடற ஆளுக்கு அந்த இடத்துலிருந்து எவ்வளவு திறமை, எதிராளி எவ்வளவு பக்கத்துல கை நீட்டறான், போடற ஆள் எவ்வளவு களைச்சிருக்கான், இத்தனையும் சேர்த்துக் கணக்கு. டர்போ பட்டனை அமுக்கிக்கிட்டே ஓடினீங்கன்னா நாலாவது குவார்ட்டர்ல அந்த ஆளுக்குக் கால் வராது. நிஜ என்பிஏ-ல மூணு பாயிண்ட் கோட்டுக்கு வெளியேருந்து 100 பந்து போட்டா சுமார் 36 தான் உள்ள போகும். சிமுலேஷன்ல ஆடினா உங்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நல்லாப் போட்டும் வெளியே போகும். முதல்ல கடுப்பாகும். அப்புறம்தான் ஒரு விஷயம் புரியும். அந்த 36-ஐ 40 ஆக்கணும்னா விரலை வேகமா அமுக்கிப் பிரயோஜனம் இல்ல, ஆளில்லாத இடத்துல ஒருத்தன் நிக்கற மாதிரி ஆட்டத்தை அமைக்கணும். அதாவது பாஸ்கெட்பால் ஆடணும்.

ஸ்கிரீன் வைக்கறது, பிக் அண்ட் ரோல், பந்து இல்லாதவன் எங்க நிக்கணும், எல்லாத்தையும் நான் கத்துக்கிட்டது அங்கதான். எங்க வீட்டு கேபிள்ல என்பிஏ வராது. வந்திருந்தாலும் அமெரிக்கா மேட்ச் நம்ம ஊர்ல விடிகாலைல ஓடும். அந்த நேரத்துல அண்ணன் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கிட்டு இருப்பார். எனக்கு கோச் அந்த கேமும் அண்ணனும்தான். "பந்தைப் பார்க்காதடா, ஆளுங்களைப் பாரு"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பார்.

சரி, இப்போ டெரிக் ரோஸ் விஷயத்துக்கு வரேன்.

அண்ணனோட டீம் சிகாகோ புல்ஸ். காரணம் டெரிக் ரோஸ். 2011-ல, 22 வயசுல எம்விபி. அந்த விருதை அவ்வளவு சின்ன வயசுல வாங்கினது அவர் மட்டும்தான். அடுத்த வருஷம் ஏப்ரல்ல, பிளேஆஃப் முதல் மேட்ச்லயே எகிறி இறங்கும்போது இடது முட்டியோட ஏசிஎல் கிழிஞ்சுது. ஒரு சீசன் முழுக்க ஆடல. 2013 அக்டோபர்ல திரும்பி வந்தார். வந்து பத்தே மேட்ச்ல, நவம்பர்ல, இந்தத் தடவை வலது முட்டி. அந்த சீசனும் போச்சு.

இதுல ஒரு விஷயம் இருக்கு. 2கே14 வெளியானது 2013 அக்டோபர் முதல் தேதி. ரோஸ் ரெண்டாவது தடவை அடிபடறதுக்கு முன்னாடி. நெட் இருந்தா கேம் தானா அப்டேட் ஆகி ரோஸை பெஞ்சுல உட்கார வச்சிருக்கும். எங்க அண்ணன் கம்ப்யூட்டர்ல நெட் கிடையாது. அதனால ஆலங்காயத்துல ரோஸுக்கு முட்டி நல்லாவே இருந்துச்சு.

அண்ணன் அசோசியேஷன் மோட்ல 82 மேட்ச் சீசன் ஆரம்பிச்சார். ராத்திரிக்கு ஒரு மேட்ச், ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு மூணு. ரோஸை ரொம்பப் பத்திரமா ஆடுவார். லீடு வந்துட்டா உடனே வெளியே எடுத்துடுவார். "காலு போயிடும்டா"ன்னு சொல்வார், என்னமோ பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்ற மாதிரி. மாசக்கணக்கா போச்சு. கிழக்குப் பிரிவுல முதலிடம்.

அப்புறம் ஒரு மேட்ச். மூணாவது குவார்ட்டர். ரோஸ் உள்ள புகுந்து பந்தைப் போட்டுட்டு விழுந்தார். எழுந்திருக்கல. ஸ்கிரீன்ல வந்துச்சு: முட்டிக் காயம், சீசன் முடியற வரைக்கும் ஆட முடியாது.

நான் பதறிட்டேன். "அண்ணா, சேவ் பண்ணாம வெளியே வா. திரும்ப லோடு பண்ணிக்கலாம். இன்னொரு தடவை ஆடினா அடிபடாது"ன்னேன். உண்மைதான், ஒரு நிமிஷ வேலை. அண்ணன் ஜாய்ஸ்டிக்கைக் கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே இருந்தார். பெரியம்மா உள்ளேருந்து "இன்னும் தூங்கலையாடா"ன்னு குரல் குடுத்தாங்க.

"வேணாம்டா"ன்னார். "இவனை இப்ப எழுப்பிட்டா, இத்தினி மாசம் ஆடினது அத்தினியும் பொய்யாப் பூடும்."

எழுந்து தண்ணி குடிச்சுட்டு வந்து மாத்து ஆளை இறக்கினார். அந்த மேட்ச்ல தோத்தோம். பிளேஆஃப்ல ரெண்டாவது ரவுண்டுல, ஏழாவது மேட்ச் வரைக்கும் போய் 3 பாயிண்ட்ல தோத்தோம். அந்த ஏழு மேட்ச் மாதிரி நான் எதையும் ஆடினதில்ல. ஸ்டார் இல்லாத டீமை வச்சு ஒவ்வொரு பாயிண்டா தேத்தினோம். ரூக்கி மோட்ல 60 பாயிண்ட்ல ஜெயிச்சேனே, அது எந்த டீமோடன்னுகூட இப்ப ஞாபகம் இல்ல. இந்தத் தோல்வியில கடைசிப் பந்து யார் கையிலிருந்து போச்சுன்னு இன்னைக்கும் சொல்வேன்.

ஆபீஸ் நண்பருக்கு என் பதில் இதுதான். நிஜம் மாதிரி இருக்கற கேமை நான் ஆடறது நிஜத்திலிருந்து தப்பிக்க இல்ல. தோக்க முடியற இடத்துலதான் ஜெயிச்சதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. நிஜத்துல அண்ணனுக்கு இன்னொரு சீசன் கிடைக்கல. இங்க கிடைச்சது, ஆனா சலுகை இல்லாம கிடைச்சது. அதான் அவருக்கு அது சீசனாவே இருந்துச்சு.

இதுக்கு ஒரு எல்லையும் இருக்கு. 2015-ல இன்ஜினியரிங் சேர்ந்தேன். ஹாஸ்டல் பக்கத்துலயே கோர்ட். எனக்குத்தான் எல்லாம் தெரியுமேன்னு இறங்கினேன். நாலு நிமிஷத்துல மூச்சு முட்டிடுச்சு. முதல் ஷாட் ரிங்கையே தொடல. டிரிப்ளிங் பண்ணா பந்து என் கால்லயே பட்டு ஓடுது. கை, கால், நுரையீரல் எதையும் கேம் கத்துக்குடுக்கல. ஆனா ஒரு வாரம் கழிச்சு ஒரு சீனியர் வந்து "எந்த ஸ்கூல்ல ஆடின?"ன்னு கேட்டார். ஆடவே இல்லண்ணேன். "பந்து உனக்கு வராதுடா, ஆனா சரியான இடத்துல நிக்கற"ன்னார். அந்த ஒண்ணு மட்டும் வந்திருந்துச்சு. டீம்ல சேரல, ஆனா நாலு வருஷம் சாயங்காலம் ஆடினேன்.

கேமாலயே நிஜத்தைப் பிடிக்க முடியாமப் போன கதையும் உண்டு. 2015-16 சீசன்ல ஸ்டெஃப் கர்ரி 402 மூணு பாயிண்ட் போட்டார். அதுக்கு முந்தின ரெக்கார்டு அவரோடதே, 286. கேமோட கணக்குப்படி, எதிராளி மேலயே நிக்கும்போது தூரத்துலிருந்து ஓடிக்கிட்டே போட்டா அது மோசமான ஷாட், தண்டனை குடுக்கணும். கர்ரி நிஜத்துல அதையேதான் போட்டுக்கிட்டு இருந்தார், உள்ளயும் போச்சு. அவரைக் கேம்ல சரியாக் கொண்டுவர்றது கஷ்டமா இருக்குன்னு 2கே-வோட கேம்ப்ளே பொறுப்புல இருந்த மைக் வாங்கே சொன்னார். நம்ம வேலையிலயும் இது உண்டு. எல்லா விதியும் எழுதி முடிச்சப்புறம் ஒரு யூசர் வருவான்.

இன்னொரு விஷயம், எங்க ஊர்க்காரனா இதைச் சொல்லாம இருக்க முடியாது. என்பிஏ மேட்ச் பந்து தோல்ல செஞ்சது. 2006-ல செயற்கைப் பந்துக்கு மாத்தினாங்க. பிடி சரியில்ல, விரல் வெட்டுப்படுதுன்னு பிளேயர்ஸ் சத்தம் போட்டு, 2007 ஜனவரி முதல் தேதி தோல் பந்தே திரும்பி வந்துச்சு. அந்தப் பந்துக்குத் தோல் பதப்படுத்தித் தர்ற டேனரி இருக்கறதும் சிகாகோவுலதான். இதை அண்ணன்கிட்ட சொன்னப்ப அவருக்கு ரோஸ் எம்விபி வாங்கின அளவுக்கு சந்தோஷம். "தோலு கையோட பேசும்டா"ன்னார். கட்டிங்ல நிக்கறவருக்குத் தெரியும். ஒரு தோலை விரிச்சா அதுல எங்க தழும்பு, எங்க இழுவைன்னு பார்த்து, சேதாரம் இல்லாம டை வச்சு வெட்டணும். ஜோடியில ரெண்டு ஷூவும் ஒரே மாதிரி இருக்கணும்.

அதனாலதான் இப்ப இருக்கற 2கே மேல அவருக்கு ஒரு கோபம். விசின்னு ஒரு கேம் பணம் இருக்கு. நிஜக் காசு குடுத்து அதை வாங்கலாம். அதை வச்சு உங்க பிளேயரோட திறமையை ஏத்தலாம், ஷூ வாங்கிப் போடலாம். ஒரு தடவை நான் ஷூ வாங்கினதைப் பார்த்துட்டு, "டேய், நாள் பூரா நின்னு ஷூ செய்யறேன், நீ இல்லாத ஷூவுக்குக் காசு குடுக்கற"ன்னார். [சிரிப்பு] ஷூகூடப் பரவாயில்ல. காசு குடுத்துத் திறமை வாங்கலாம்னு வந்துட்டா, கேம் மறுபடியும் விட்டுக் குடுக்க ஆரம்பிச்சிடுச்சுன்னுதானே அர்த்தம்? என்ன, இந்தத் தடவை காசுக்கு. போதாக்குறைக்கு 2020-ல 2கே21-ல லோடிங்ல ஸ்கிப் பண்ண முடியாத விளம்பரம் போட்டு, எதிர்ப்பு வந்தப்புறம் சரி செய்யறோம்னாங்க. 2கே20-ஓட சர்வரை 2021 டிசம்பர் 31-ஆம் தேதி மூடினாங்க. அதுல ஆன்லைன்ல காசு போட்டு வளர்த்த பிளேயர் அத்தோட முடிஞ்சான். நெட்டே இல்லாத அண்ணனோட 2014 சீசன், பழைய ஹார்ட் டிஸ்க்ல இன்னும் இருக்கு.

முடிக்கறதுக்கு முன்னாடி ரோஸ் கதையை முடிச்சிடறேன். 2018 அக்டோபர் 31. நான் ஃபைனல் இயர். ரோஸ் அப்போ மினசோட்டா டீம்ல. நாலு ஆபரேஷன் ஆன முட்டிங்க, எல்லாரும் முடிஞ்சான்னு விட்டுட்டாங்க. யூட்டா ஜாஸுக்கு எதிரா அன்னைக்கு 50 பாயிண்ட் போட்டார். அவர் வாழ்க்கையிலயே அதிகம். மேட்ச் முடிஞ்சு அங்கேயே அழுதார். நம்ம ஊர்ல அது நவம்பர் ஒண்ணாம் தேதி காலைல. டீ பிரேக்ல அண்ணன் வாட்ஸாப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். பின்னாடி மெஷின் சத்தம். "டேய், பார்த்தியா? ரீலோடு பண்ணாமயே வந்துட்டான்டா." அவ்வளவுதான் மெசேஜ்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப என் லேப்டாப்ல 2கே25 போட்டோம். பிசிக்கும் புது கன்சோல் வெர்ஷனே முதல் தடவையா வந்தது அதுலதான். அண்ணன் வேர்வையையும் முகத்தையும் பார்த்து ரெண்டு நிமிஷம் ஆச்சரியப்பட்டார். அப்புறம் நேரா செட்டிங்ஸுக்குப் போய் 12 நிமிஷம் வச்சார். காயம் ஆன்.

புதுசா ஆட ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றதும் அதுதான். முதல் மாசம் தோத்துக்கிட்டே இருப்பீங்க. டிஃபிகல்டியை இறக்காதீங்க. விசிக்குக் காசு போடாதீங்க. பந்தைப் பார்க்காதீங்க, ஆளுங்களைப் பாருங்க. பக்கத்துல ஒரு கோர்ட் இருந்தா, ரிங் சாய்ஞ்சிருந்தாலும் பரவாயில்ல, சாயங்காலம் அங்கயும் போய் நில்லுங்க. நீங்க சேவ் பண்ணாம வெளியே வர நினைச்ச மேட்ச் எதாவது இருந்தா, கதையை எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல படிக்கறேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.